193 எடுத்தவர் தோற்றார், 192 எடுத்தவர் ஜெயித்தார்: டென்னிஸ் போட்டிக்கு முன்னால் எந்த எண்ணைப் பார்ப்பது?

2025 ஜூன் 8, பாரிஸ். பிரெஞ்சு ஓபன் ஆண்கள் இறுதிப் போட்டி 5 மணி 29 நிமிடம் ஓடி முடிந்தது. 4-6, 6-7, 6-4, 7-6, 7-6 என்று கோப்பை கார்லோஸ் அல்கராஸ் கைக்குப் போனது. அப்புறம் மொத்த பாயிண்ட்டுகளைக் கூட்டிப் பார்த்தால் யானிக் சின்னர் 193, அல்கராஸ் 192. ஒரு பாயிண்ட் அதிகம் எடுத்தவர் தோற்றுவிட்டார். நான்காவது செட்டில் அல்கராஸின் சர்வில் (அவர் பந்தைப் போட்டுத் தொடங்கும் கேமில்) 5-3, 0-40 என்று சின்னருக்கு மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட் (ஒன்றை எடுத்தாலே கோப்பை) வேறு கிடைத்தன. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதுவரை அல்கராஸ் இரண்டு செட் பின்தங்கிய பிறகு ஒரு போட்டியைக்கூட வென்றதில்லை என்பது அன்றைக்கு எல்லோரும் சொன்ன புள்ளிவிவரம். அதை நம்பி இரண்டாவது செட் முடிந்ததும் டிவியை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போன ஆட்களை எனக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஒரு விளையாட்டில், நாளைக்கு யார் ஜெயிப்பார் என்று எண்களை வைத்து எழுதுவது கிளி ஜோசியத்தைவிட எந்த விதத்தில் மேல்? நியாயமான கேள்விதான். சில வருடங்களாகப் பெரிய போட்டிகளுக்கு முன்னால் ஒரு எக்ஸெல் தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு (பெட்டிங்கா என்று கேட்காதீர்கள், காசு வைப்பதில்லை, ஜெயித்தால் வீட்டில் பெருமை பேசிக்கொள்வதோடு சரி). அதில் தெரிந்துகொண்டது இதுதான்: டிவியில் அதிகம் சொல்லப்படுகிற எண்களில் பாதி அலங்காரம், உண்மையில் உதவுகிற எண்கள் கேட்கவே சுவாரசியம் இல்லாதவை.

முதலில் டென்னிஸ் ஸ்கோர் முறை என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது. ரோஜர் ஃபெடரர் 2024-இல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது தன் கணக்கைத் தானே சொன்னார்: ஆடிய 1,526 ஒற்றையர் போட்டிகளில் கிட்டத்தட்ட 80 சதவீதம் வெற்றி, ஆனால் வென்ற பாயிண்ட்டுகள் 54 சதவீதம் மட்டும். நூறு பாயிண்ட்டில் 46-ஐ விட்டுக்கொடுத்த ஆள்தான் 20 கிராண்ட்ஸ்லாம் (நான்கு பெரிய தொடர்கள்) கோப்பை வைத்திருக்கிறார். நான்கு பாயிண்ட்டாவது எடுத்தால் ஒரு கேம், ஆறு கேமாவது எடுத்தால் ஒரு செட். பாயிண்ட்டில் இருக்கிற சின்ன வித்தியாசத்தை கேம் பெரிதாக்குகிறது, கேமில் இருப்பதை செட் பெரிதாக்குகிறது, செட்டில் இருப்பதைப் போட்டி பெரிதாக்குகிறது. வட்டிக்கு வட்டி மாதிரி.

கணக்கு கஷ்டமானது இல்லை. ஒருவர் தன் சர்வில் ஒவ்வொரு பாயிண்ட்டையும் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த கேமை அவர் வெல்லும் வாய்ப்பு சுமார் 74 சதவீதம். பாயிண்ட் வாய்ப்பு 65 ஆனால் கேம் 83. 70 ஆனால் 90. ஐந்து ஐந்தாக ஏறினால் கேம் வாய்ப்பு ஒன்பது, ஏழு என்று ஏறுகிறது. இன்னொரு விதமாகச் சொன்னால், சர்வ், ரிட்டர்ன் (எதிராளியின் சர்வைத் திருப்பி அடிப்பது) என்ற பேதமே இல்லாமல் எல்லா பாயிண்ட்டையும் ஒருவர் 55 சதவீத வாய்ப்போடு ஆடினால், மூன்று செட் போட்டியை வெல்ல அவருக்கு 91 சதவீத வாய்ப்பு. ஐந்து செட் என்றால் 95. வெறும் 55-தான்! கிராண்ட்ஸ்லாம் ஆண்கள் பிரிவில் பெரிய ஆட்களைக் கவிழ்ப்பது ஏன் கஷ்டம், சின்ன போட்டிகளில் ஏன் அடிக்கடி கவிழ்கிறார்கள் என்பதற்குப் பாதி பதில் இந்த ஐந்து செட்டில் இருக்கிறது.

இந்தக் கணக்கு ஒவ்வொரு பாயிண்ட்டும் தனித்தனி, முந்தைய பாயிண்ட் அடுத்ததைப் பாதிக்காது என்று எடுத்துக்கொள்கிறது. அது உண்மையா? ஃபிராங்க் கிளாசென், யான் மாக்னஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட சுமார் 90,000 பாயிண்ட்டுகளை எடுத்து இதைச் சோதித்தார்கள். முழுக்க உண்மை இல்லை என்று வந்தது. முந்தைய பாயிண்ட்டை வென்றவருக்கு அடுத்ததிலும் கொஞ்சம் சாதகம் இருக்கிறது, முக்கியமான பாயிண்ட்டுகளில் சர்வ் செய்பவர் கொஞ்சம் தடுமாறுகிறார். ஆனால் அந்த விலகல் சின்னது. முன்கணிப்புக்கு எளிய கணக்கே போதும் என்று சொல்லிவிட்டார்கள். "மொமென்டம்" என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்கிற வர்ணனையாளர்களுக்கு இது பிடிக்காது.

ஆகவே ஒரு போட்டிக்கு முன்னால் தேவைப்படுவது இரண்டே எண்கள். இவர் தன் சர்வில் எத்தனை சதவீத பாயிண்ட் எடுப்பார், அவர் தன் சர்வில் எத்தனை எடுப்பார். எல்லாத் தலைவலியும் இந்த இரண்டைக் கண்டுபிடிப்பதில்தான்.

இங்கே பலர் செய்கிற தவறு, சர்வ் விவரங்களைத் துண்டு துண்டாகப் பார்ப்பது. "முதல் சர்வ் 70 சதவீதம் உள்ளே விழுகிறது, பிரமாதம்" என்பார்கள். பிரமாதமா என்று பார்க்கலாம். ஒருவருக்கு முதல் சர்வ் 70 சதவீதம் உள்ளே. அதில் 68 சதவீதம் வெல்கிறார். முதல் சர்வ் தவறினால் போடுகிற இரண்டாவது சர்வில் 54. பெருக்கிக் கூட்டினால் மொத்தம் 63.8. இன்னொருவருக்கு முதல் சர்வ் 62 சதவீதம்தான் உள்ளே, ஆனால் அதில் 74 வெல்கிறார், இரண்டாவதில் 52. மொத்தம் 65.6. குறைவாக உள்ளே போடுகிறவர்தான் நல்ல சர்வர். ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) எண்ணிக்கையும் இப்படித்தான் ஏமாற்றும். ஏஸாக வந்தாலும் எதிராளி வலையில் அடித்து வந்தாலும் ஸ்கோர் பலகையில் 15 தானே.

சரி, இரண்டு பேரின் எண்களையும் எப்படிச் சேர்ப்பது? அ என்பவர் சர்வில் 68 சதவீதம் எடுப்பவர். எதிரில் நிற்கிற ஆ ரிட்டர்னில் 40 சதவீதம் எடுப்பவர். அந்த மட்டத்தில் சராசரி ஆள் சர்வில் 64, ரிட்டர்னில் 36 என்று கொண்டால், ஆ சராசரியைவிட 4 கூடுதலாகப் பறிக்கிறார். அந்த 4-ஐக் கழித்தால் அ-வுக்கு இன்றைக்கு 64. அதேபோல் ஆ சர்வில் 63, அ ரிட்டர்னில் 37, அதாவது சராசரிக்கு ஒன்று மேல், ஆ-வுக்கு 62. வித்தியாசம் 2. மூன்று செட் போட்டியில் அ-வுக்கு 60 சதவீதத்தை ஒட்டி வாய்ப்பு வரும், ஐந்து செட்டில் இன்னும் இரண்டு மூன்று கூடும். அவ்வளவுதான், இதைவிடப் பெரிய மந்திரம் எதுவும் இல்லை. இந்தக் கணக்குக்குத் தேவையான தரவு இப்போது வீட்டிலிருந்தே கிடைக்கிறது. ஜெஃப் சாக்மன் என்ற அமெரிக்கர் டென்னிஸ் அப்ஸ்ட்ராக்ட் என்ற தளத்தில் பல வருடப் போட்டி விவரங்களை இலவசமாகக் கொட்டி வைத்திருக்கிறார், தன்னார்வலர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டாகக் குறித்த போட்டிகளும் அங்கே உண்டு.

சர்வ் ஒரு கை, ரிட்டர்ன் ஒரு கை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஜான் இஸ்னரும் டியேகோ ஷ்வார்ட்ஸ்மானும். இஸ்னர் 208 செ.மீ. உயரம், 14,000-க்கு மேல் ஏஸ் அடித்தவர், எதிராளியின் சர்வை உடைப்பது (அவர் சர்வ் செய்கிற கேமை வெல்வது) அபூர்வம். ஷ்வார்ட்ஸ்மான் 170 செ.மீ., அவர் சர்வைப் பார்த்து யாரும் பயந்ததில்லை, ஆனால் எந்தப் பந்தையும் திருப்பி அனுப்புவார். இரண்டு பேரும் எட்டிய மிக உயர்ந்த தரவரிசை ஒன்றே: 8. ஆனால் இவர்களின் போட்டியை முன்கூட்டிப் பார்க்கும்போது ஒரே மாதிரி எழுத முடியாது. இஸ்னர் ஆடினால் செட்டுகள் 6-6 என்று சமமாகி, முடிவு சொல்லும் டை பிரேக்குக்குப் போகும். டை பிரேக் கிட்டத்தட்ட காசு சுண்டுவது மாதிரி. எனவே பெரிய ஆளையும் கவிழ்ப்பார், சின்ன ஆளிடமும் கவிழ்வார். 2010 விம்பிள்டனில் நிகோலா மஹுவோடு 11 மணி 5 நிமிடம் ஆடி ஐந்தாவது செட்டை 70-68 என்று முடித்தாரே, அந்தப் போட்டியிலும் தோற்ற மஹுதான் அதிக பாயிண்ட் எடுத்தார்: 502-க்கு 478. சர்வ் ஆதிக்கம் செலுத்துகிற இடத்தில் எந்தக் கணிப்பும் 50-ஐ நோக்கிச் சாயும், அதுதான் நேர்மை.

அடுத்தது தரை. இதைச் சேர்க்காத டென்னிஸ் புள்ளிவிவரம் உப்பில்லாத சாம்பார். செம்மண்ணில் பந்து வேகம் குறைந்து மேலே எழும்பும், சர்வின் பலன் குறையும், ரிட்டர்ன் செய்பவருக்குக் கூடுதலாக ஒரு கண நேரம் கிடைக்கும். புல்லில் பந்து தாழ்ந்து வழுக்கிக்கொண்டு வரும். ஆனால் "செம்மண்" என்று ஒரே பெட்டியில் போடுவதும் ஆபத்து. மாட்ரிட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று மெலிது, அங்கே செம்மண்ணிலும் பந்து பறக்கும். கடலோர மான்டே கார்லோவில் அதே வீரர் வேறு ஆள் மாதிரித் தெரிவார்.

தரையைப் பிரித்தால் வரும் சங்கடம் ஒன்று உண்டு. எண்ணிக்கை சுருங்கிவிடும். புல் தரை சீசன் வருடத்தில் சில வாரங்கள்தான், ஒரு வீரருக்கு ஐந்தாறு போட்டி கிடைத்தாலே அதிகம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலறையில் சரி. பானையில் எல்லா அரிசியும் ஒரே நேரம் ஒரே தண்ணீரில் வெந்தது. ஐந்து புல் தரைப் போட்டியில் ஒன்றில் எதிராளிக்குக் கால் வலி, ஒன்றில் மழை, ஒன்றில் தகுதிச் சுற்றிலிருந்து வந்த 19 வயதுப் பையன். ஆகவே நான் செய்வது, கடந்த 52 வாரத்தின் எல்லாத் தரை எண்ணுக்கும் பாதி எடை, அந்தத் தரையின் எண்ணுக்குப் பாதி எடை. பலரும் ஏறக்குறைய இப்படித்தான் கலக்குகிறார்கள். பாதிக்குப் பாதி என்பது வேதவாக்கு ஒன்றும் இல்லை.

தரவரிசையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது 52 வாரத்தில் சேர்த்த புள்ளிகளின் கூட்டல், யார் பலசாலி என்று சொல்வதற்காக வந்ததல்ல. யாரை ஜெயித்தாய் என்று அது கேட்காது, எந்தச் சுற்று வரை போனாய் என்று மட்டும் கேட்கும். 2022-இல் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் தடை செய்ததால் அந்தப் போட்டிக்குத் தரவரிசைப் புள்ளியே கொடுக்கவில்லை. கோப்பையை வென்ற ஜோகோவிச் அடுத்த நாள் 7-ஆம் இடத்துக்கு இறங்கினார். 2001-இல் கோரன் இவானிசெவிச் 125-ஆம் இடத்தில் இருந்துகொண்டு வைல்டு கார்டில் (போட்டி நடத்துபவர்கள் தரும் சிறப்பு அனுமதியில்) வந்து விம்பிள்டனை வென்றார், ஏற்கெனவே மூன்று முறை அங்கே இறுதி வரை போனவர் என்பதைத் தரவரிசை மறந்துவிட்டிருந்தது. 2021 யுஎஸ் ஓபனில் 150-ஆம் இடத்தில் இருந்த எம்மா ராடுகானு தகுதிச் சுற்றையும் சேர்த்துப் பத்துப் போட்டிகளை ஒரு செட்டும் விடாமல் ஜெயித்ததை மட்டும் எந்த முறையும் சொல்லியிருக்காது, அதை விட்டுவிடுவோம். இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு "தரவரிசையில் மேலே இருப்பவர்" என்று சொன்னாலே ஆண்கள் போட்டிகளில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் சரியாக வரும். நீங்கள் கட்டுகிற மாடல் அதையாவது தாண்ட வேண்டும், இல்லையென்றால் எக்ஸெல்லை மூடிவிட்டு ஆட்டத்தைப் பார்க்கலாம்.

தரவரிசைக்குப் பதில் பலர் பயன்படுத்துவது ஈலோ. சதுரங்கத்துக்காக ஆர்பாட் ஈலோ என்ற ஹங்கேரியில் பிறந்த அமெரிக்க இயற்பியல் பேராசிரியர் கண்டுபிடித்தது, நம் ஊர் செஸ் பிள்ளைகளின் பெற்றோருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பலமான ஆளை ஜெயித்தால் அதிகம் ஏறும், பலவீனமான ஆளிடம் தோற்றால் அதிகம் இறங்கும். இரண்டு பேருக்கும் 100 வித்தியாசம் என்றால் மேலே இருப்பவருக்கு 64 சதவீதம், 200 என்றால் 76, 400 என்றால் 91. எந்தச் சுற்றில் ஜெயித்தார் என்பது அதற்குப் பொருட்டில்லை. முதல் சுற்றிலேயே சின்னரைத் தோற்கடித்தாலும் முழு மதிப்பு. குறை என்றால், எட்டு மாதம் காயத்தில் படுத்துவிட்டு வருகிறவரின் ஈலோ பழைய உயரத்திலேயே நிற்கும், அதைக் கையால்தான் இறக்க வேண்டும்.

இப்போது எல்லோருக்கும் பிடித்த எண்ணுக்கு வருவோம்: நேருக்கு நேர். ஜாதகப் பொருத்தம் பார்க்கிற ஊரில் இதற்கு மவுசு அதிகம் இருப்பதில் ஆச்சரியமில்லை. நடால் - ஃபெடரர் 24-16 என்றால் நடால் ஃபெடரரை அடக்கி வைத்திருந்தார் என்று தோன்றும். பிரித்துப் பாருங்கள்: செம்மண்ணில் 14-2. செம்மண்ணைக் கழித்துவிட்டால் ஃபெடரர் 14-10 என்று முன்னிலை. அதற்கும் அடியில் இன்னொன்று இருக்கிறது. ஃபெடரர் செம்மண்ணிலும் இறுதி வரை வருகிற அளவுக்கு நன்றாக ஆடியதால்தான் அங்கே நடாலிடம் அத்தனை முறை மாட்டினார். அவர் செம்மண்ணில் சுமாராக ஆடியிருந்தால் இந்தக் கணக்கு அவருக்குச் சாதகமாக இருந்திருக்கும். திறமைக்குத் தண்டனை கொடுக்கிற புள்ளிவிவரம்!

நேருக்கு நேர் எப்படிக் கவிழும் என்பதற்கு நுங்கம்பாக்கத்திலிருந்தே ஒரு கதை தொடங்குகிறது. 2014 ஜனவரி முதல் வாரம் ஸ்டான் வாவ்ரிங்கா சென்னை ஓபனை ஜெயித்துவிட்டு மெல்போர்ன் போனார். காலிறுதியில் ஜோகோவிச், அவரிடம் தொடர்ந்து 14 முறை தோற்றிருந்தார். ஐந்தாவது செட்டில் 9-7 என்று ஜெயித்தார். இறுதியில் நடால், அவரோடு 12 முறை மோதி ஒரு செட்கூட எடுத்ததில்லை. நான்கு செட்டில் ஜெயித்து ஆஸ்திரேலிய ஓபனைத் தூக்கினார். இரண்டாவது செட்டில் நடாலின் முதுகு மோசமானது உண்மைதான், ஆனால் முதல் செட்டையே வாவ்ரிங்கா 6-3 என்று எடுத்திருந்தார். 12-0 என்பது அந்த 12 நாட்களில் இருந்த வாவ்ரிங்காவைப் பற்றிய எண். அதில் பல நாட்களின் வாவ்ரிங்கா 2014-இல் கிடையாது.

நேருக்கு நேர் கணக்கில் குப்பையும் சேரும். 2025 ஆகஸ்டில் சின்சினாட்டி இறுதிப் போட்டியில் உடம்பு முடியாமல் இறங்கிய சின்னர் 0-5 என்ற நிலையில் 23 நிமிடத்தில் விலகினார். அதுவும் அல்கராஸுக்கு ஒரு வெற்றி என்று பதிவாகிவிட்டது. 5 மணி 29 நிமிடப் போட்டிக்கும் 23 நிமிடப் போட்டிக்கும் பட்டியலில் ஒரே மதிப்பு. ஆட்டத்துக்கே வராமல் வாக்ஓவர் கொடுத்தால் சேராது, ஒரு பந்து ஆடிவிட்டு விலகினால் சேரும். தரவை இறக்கியதும் முதல் வேலை இந்த மாதிரிப் போட்டிகளைத் தனியே ஒதுக்குவது.

பிரேக் பாயிண்ட் (எதிராளியின் சர்வை உடைக்கக் கிடைக்கும் வாய்ப்பு) விவரமும் இதே ரகம். ஃபெடரர் 2015 யுஎஸ் ஓபன் இறுதியில் 23 பிரேக் பாயிண்ட்டில் 4 மட்டும் எடுத்தார், 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 17-இல் ஒன்று. இதை வைத்து "அவருக்கு முக்கிய நேரத்தில் நெஞ்சுரம் இல்லை" என்று எழுதியவர்கள் உண்டு. 23 பிரேக் பாயிண்ட் உருவாக்கினாரே, அதைச் செய்தது யார்? ஒரு வாரத்தில் ஒருவர் ஆடுகிற பிரேக் பாயிண்ட் எண்ணிக்கை அவ்வளவு குறைவு, அந்தச் சதவீதம் தொடருக்குத் தொடர் தாறுமாறாக ஆடும். ஒருவரின் மொத்த ரிட்டர்ன் சதவீதம் நன்றாக இருந்தால் பிரேக் பாயிண்ட்டும் வந்து சேரும் என்று விட்டுவிடுவது நல்லது. "இவர் முதல் செட்டைத் தோற்று இடதுகை ஆட்டக்காரரை ஜெயித்ததே இல்லை" என்கிற மாதிரி எண்கள் எல்லாம் காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, அதைத் தேடிக் கொடுக்க மென்பொருள் இருக்கிறது என்பதற்காக அதற்கு அர்த்தம் வந்துவிடாது.

அப்போ எண்களுக்குள் வராதது என்ன? களைப்பு. இதற்கும் சென்னைதான் சாட்சி. 2008 சென்னை ஓபன் அரையிறுதியில் நடால் தன் நாட்டுக்காரர் கார்லோஸ் மோயாவை 6-7, 7-6, 7-6 என்று 3 மணி 54 நிமிடம் போராடி ஜெயித்தார். மறுநாள் இறுதியில் எதிரே மிகைல் யூஸ்னி. தரவரிசை, ஈலோ, சர்வ், ரிட்டர்ன் எதை எடுத்தாலும் நடால்தான். ஸ்கோர் 6-0, 6-1, ஜெயித்தவர் யூஸ்னி. உலகின் இரண்டாம் நிலை வீரருக்கு அன்று கால் நகரவில்லை. முந்தைய 48 மணி நேரத்தில் எத்தனை மணி ஆடினார், எப்போது முடித்தார் என்று ஒரு வரி என் தாளில் இப்போது இருக்கிறது. அதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் மட்டும் இன்னும் குத்துமதிப்புதான்.

ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். பாரிஸ் முடிந்து ஐந்தே வாரம், 2025 ஜூலை 13, விம்பிள்டன் இறுதி, அதே இருவர். போட்டிக்கு முந்தின நாள் என் தாளில் இருந்தது இது. நேருக்கு நேர் அல்கராஸ் 8-4, அதிலும் கடைசி ஐந்தும் அவருக்கே. தொடர்ந்து 24 வெற்றி கையில். முந்தைய இரண்டு வருடமும் அங்கே சாம்பியன். சின்னர் பக்கம்: நான்காவது சுற்றில் கிரிகோர் டிமிட்ரோவிடம் இரண்டு செட் பின்தங்கியிருந்தார், மூன்றாவது செட் 2-2-இல் டிமிட்ரோவ் மார்புத் தசைக் காயத்தால் விலகியதால் தப்பினார். சின்னருக்கும் முழங்கையில் அடி. டிவி எண்களை மட்டும் பார்த்தால் அல்கராஸ் 75 சதவீதம் என்று எழுதத் தோன்றும்.

சலித்துப்போன எண்கள் வேறு மாதிரி சொல்லின. புல் தரையில் இருவரும் அதுவரை மோதியது ஒரே முறை, 2022 விம்பிள்டன், நான்கு செட்டில் ஜெயித்தது சின்னர். ஐந்து தொடர் தோல்வியில் கடைசியானதில் அதிக பாயிண்ட் எடுத்தவரே சின்னர். அந்த 193-192-ஐத் தோல்வி என்று எழுதாமல் சமம் என்று எழுதினால் படம் மாறிவிடுகிறது. கூட்டிக் கழித்ததில் என்னுடைய கணக்கு அல்கராஸ் 54, சின்னர் 46 என்று நின்றது, சொல்லவே கூச்சமாக இருந்தது, இத்தனை கணக்குப் போட்டு "யாரும் ஜெயிக்கலாம்" என்பதற்கா என்று வீட்டில் சிரித்தார்கள். சின்னர் 4-6, 6-4, 6-4, 6-4 என்று ஜெயித்தார். நான் சொன்னது சரியா தவறா? 54 சொன்ன ஆள் தோற்றால் அது தவறு என்று சொல்லிவிட முடியாது, சரி என்று மார்தட்டவும் முடியாது.

செப்டம்பரில் நியூயார்க்கில், யுஎஸ் ஓபனில், அந்த வருடம் மூன்றாவது முறையாக ஒரு கிராண்ட்ஸ்லாம் இறுதியில் சந்தித்தார்கள். சின்னர் ஹார்ட் கோர்ட் (கடினத் தரை) கிராண்ட்ஸ்லாம்களில் தொடர்ந்து 27 போட்டி தோற்காமல் வந்திருந்தார். இதுவும் டிவி எண். மறுபக்கம், அந்தத் தொடர் முழுக்க அல்கராஸ் சர்வ் செய்த கேம்களை உடைக்கக் கிட்டத்தட்ட ஆளே இல்லாமல் இருந்தது. முடிவில் கணக்குப் பார்த்தபோது 101 சர்வ் கேம்களில் 98-ஐக் காப்பாற்றியிருந்தார். 6-2, 3-6, 6-1, 6-4, அல்கராஸ். ஒரு மனிதரின் சர்வ் மேம்பட்டிருக்கிறது என்பது வெற்றி தோல்விப் பட்டியலில் தெரிய மாதக்கணக்காகும், சர்வ் கேம் சதவீதத்தில் ஒரு வாரத்தில் தெரிந்துவிடும்.

ஒற்றைப் போட்டியை வைத்து ஒரு கணிப்பை எடைபோட முடியாது என்றால் எதை வைத்துப் போடுவது? இதற்கு வழி வானிலைக்காரர்களிடம் இருக்கிறது. 1950-இல் கிளென் பிரையர் என்ற அமெரிக்க வானிலையாளர் மழைக் கணிப்புகளைச் சோதிக்க ஒரு எளிய கணக்கைக் கொடுத்தார். 70 சதவீதம் என்று சொன்னது நடந்தால், மீதி 0.3-இன் வர்க்கம், 0.09 அபராதம். நடக்காவிட்டால் 0.7-இன் வர்க்கம், 0.49. எல்லாவற்றுக்கும் 50 என்று சொல்லித் தப்பிப்பவருக்கு எப்போதும் 0.25. ஒரு தொடர் முழுக்கக் கூட்டி சராசரி எடுத்தால் யார் கணிப்பு எப்படி என்று தெரியும். கூடவே, 70 என்று சொன்ன நூறு போட்டியில் எழுபதை ஒட்டி ஜெயித்தார்களா என்று பார்க்க வேண்டும். நடால் பிரெஞ்சு ஓபனில் 116 போட்டி ஆடி 112 ஜெயித்தார். ஒவ்வொரு முறையும் அவருக்கு 97 சதவீதம் என்று எழுதியிருந்தால் மூன்று நான்கு தோல்வி வர வேண்டும், நான்கு வந்தது. 2009-இல் ராபின் சோடர்லிங் அவரை முதல் முறை வீழ்த்தியபோது உலகமே அதிர்ந்தது, அதிலும் ஒரு மாதம் முன்புதான் ரோமில் 6-1, 6-0 என்று நடால் அவரைத் துவைத்திருந்தார். ஆனால் 97 என்று எழுதியவருக்கு மீதி 3 எங்கே போகும் என்று தெரிந்திருக்க வேண்டும்.

என் தாளில் மிகவும் அடி வாங்கிய வரி பெண்கள் பிரிவில் இருக்கிறது. அதே 2025 விம்பிள்டன் இறுதி, இகா ஸ்வியாடெக் - அமண்டா அனிசிமோவா. அனிசிமோவா அரையிறுதியில் முதல் நிலை வீராங்கனை சபலென்காவை ஜெயித்து வந்தவர். ஸ்வியாடெக் அதுவரை புல் தரையில் ஒரு தொழில்முறைக் கோப்பையும் எடுத்ததில்லை, ஆனால் ரிட்டர்ன் எண்களில் நல்ல இடைவெளி இருந்ததால் அவருக்கு 70 கொடுத்திருந்தேன். 57 நிமிடத்தில் 6-0, 6-0. விம்பிள்டன் பெண்கள் இறுதியில் 1911-க்குப் பிறகு இப்படி ஒரு ஸ்கோர் வந்ததில்லை. பாயிண்ட் கணக்கு 55-க்கு 24. எனக்குக் கிடைத்த அபராதம் 0.09, போட்டி 7-6, 7-6 என்று முடிந்திருந்தாலும் அதேதான். இரண்டு மாதம்கூட ஆகவில்லை, யுஎஸ் ஓபன் காலிறுதியில் திரும்ப அதே இருவர். அந்த 55-24-ஐ மறக்க முடியாமல் திரும்பவும் ஸ்வியாடெக் 70 என்று எழுதினேன். அனிசிமோவா 6-4, 6-3. அபராதம் 0.49.